வள்ளத்துக்குச் சட்டை தைத்தவன்

ஏதாவது காணாமல் போனால் துப்பறிகிறவரைக் கூப்பிடுவார்கள். இல்லாத ஒன்று திடீரென்று வந்து சேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது? பாறசாலை வட்டாரத்தில் அதற்கும் சத்யபாமாவைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராபின்சனின் ஆட்டோ செங்கல் கிராமத்தை நோக்கிக் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் முக்கால்வாசி இடத்தை, களியக்காவிளையில் வாங்கிச் சுருட்டி வைத்த நீலத் தார்ப்பாய் பிடித்துக்கொண்டது. மிச்ச இடத்தில் சத்யபாமா ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிவிட்டு, இப்போது பாறசாலை ஜங்ஷனில் ஃபோட்டோஸ்டாட் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். ராபின்சன் அவருடைய உதவியாளன். சோறு போடுவது ஆட்டோ. ஸ்டாண்டில் கேட்டால் தன்னைத் துப்பறிவாளன் என்பான். மாமியார் வீட்டில் மட்டும் ஆட்டோக்காரன் என்பான். இல்லாவிட்டால் காணாமல் போன கோழியைத் தேடச் சொல்லிவிடுவாளாம்.

வழக்கு இதுதான். செங்கலில் சானு என்று ஒருவன். முந்தின வருஷம் கல்ஃபில் பொதுமன்னிப்பு கொடுத்து, விசா முடிந்து தங்கியிருந்தவர்களை மூட்டை கட்டி அனுப்பினார்களே, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி, அந்தக் கூட்டத்தில் வந்து இறங்கியவன். வந்தவன் ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கி, பின்னால் ஒரு எஞ்ஜினை மாட்டி, நெய்யாற்றில் ஓட்டிப் பிழைத்தான். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விடியற்காலையில், வள்ளத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெண்டாட்டி ஜெஸியிடம் சொல்லிப் போனான். வள்ளம் ஆற்றுக் கடவில் கிடந்தது, அவன் இல்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. அண்ணன் எலியா அழுது தீர்த்துவிட்டு, எஞ்ஜினைக் கழற்றித் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நினைவு ஜெபம் என்று சபையில் அறிவிப்பும் சொல்லியாகிவிட்டது. ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் ஜெஸிதான். அந்த ஞாயிறு வருவதற்குள், தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்லும்படி சத்யபாமாவின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

முற்றத்தில் ஏற்றிப் போட்ட வள்ளம் மழையில் நிறைந்துகொண்டிருந்தது. அதை மூட என்ன வழி என்று முந்தின வாரம் அந்த வீட்டில் ஒரு பெரிய வழக்காடலே நடந்தது. நெய்யாற்றின்கரையில் லாரி சீட்டு தைக்கிறவனிடம் சொல்லி, அளவெடுத்து நல்ல கவராகத் தைத்துப் போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும் என்றான் எலியா. ஜெஸி தலையாட்டவில்லை. தார்ப்பாயே போதும், அவிய திரும்பி வந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு உடனே தள்ளிக்கொண்டு போகலாம் என்றாள். அந்த இடத்தில் ராபின்சன் மூக்கை நுழைத்து, ஜெஸியின் கட்சியில் சேர்ந்து, தார்ப்பாயின் மகிமையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தான். தார்ப்பாய் இருந்தால் வள்ளம் மூடலாம், மரச்சீனிக் கிழங்கைப் பரப்பி உணக்கலாம், கல்யாணத்துக்குப் பந்தல் போடலாம். கவரை வைத்து என்ன செய்வது, சொந்த வள்ளத்தைத் தவிர வேறு எதற்கும் பொருந்தாத சாதனம் என்று அடுக்கினான். எலியா வாயை மூடிக்கொண்டான். ராபின்சன் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே வழக்கு அது.

ஆட்டோ நின்றது. ராபின்சன் தார்ப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் கால் வைத்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

வள்ளம் ஏற்கெனவே சட்டை போட்டிருந்தது.

மேலே இரட்டைப் பாலித்தீன், உள்ளே கெட்டித் துணி. மூக்கு முதல் வால் வரை, தையல்காரன் மாப்பிள்ளைக்கு அளவெடுத்த மாதிரி கச்சிதம். ஜெஸி அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டும் இருந்தது. காலையில் எல்லாரும் ஞாயிறு ஆராதனைக்குப் பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் இது கிடந்ததாம். எலியா தனக்கு ஒன்றுமே தெரியாது என்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லிவிட்டானாம்.

"அவியதான் வந்திருக்காவ, அக்கா," என்றாள் ஜெஸி. "இந்த வள்ளத்துக்க அளவு வேற யாருக்குத் தெரியும்? நினைவு ஜெபம் வேண்டாம்னு பள்ளி அச்சனிட்ட சொல்லி அனுப்பியாச்சு."

சத்யபாமா வள்ளத்தைச் சுற்றி நடந்தார். ராபின்சன் தார்ப்பாயை இறக்கிவைத்துவிட்டுப் பின்னாலேயே போய், தன் சந்தேகத்தைக் காதோடு காதாகச் சொன்னான். கவர், கவர் என்று அன்றைக்குத் துள்ளினவன் எலியாதானே, வேதப்புத்தகம் என்ன பொய்யைக் கண்டுபிடிக்கும் மெஷினா என்பது அவன் வாதம்.

சத்யபாமா வள்ளத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே கவர் ஒரு பை மாதிரி புடைத்துத் தைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாமல் தொங்கியது.

"எஞ்ஜின் எங்கலே இருக்கு?"

"எலியாவுக்க கட்டிலுக்கு அடியில."

"கழட்டிக் கொண்டு வச்சவன் அதுக்கும் சேத்துப் பை தைப்பானா? எஞ்ஜின் வள்ளத்துல இருந்தப்ப எடுத்த அளவாக்கும் இது. சானு ஊருல இருந்தப்ப."

ராபின்சனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் ஜெஸி சொல்வது சரிதானே, சானுவே அளவெடுத்திருக்கிறான், ஆள் ஆற்றில் போகவில்லை, பிறகு ஏன் இந்த அக்கா பல் பிடுங்க வந்தவர் மாதிரி நிற்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்டும்விட்டான்.

சத்யபாமா ஜெஸிக்குக் கேட்காத தூரத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனார்.

"தார்ப்பாய் போடுகவன் நாளைக்கு எடுக்கப் போறவன். அளவெடுத்துத் தைக்கச் சொல்லுகவன், ரொம்ப நாளைக்கு வர மாட்டேன்னு தெரிஞ்சவன். சானு எங்கயோ போகதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போயிருக்கான். அது செரி. ஆனா இதைக் கொண்டு மாட்டினது அவன் இல்ல. அவனா இருந்தா பெண்டாட்டிய பாக்காம போவானா? வேற ஒருத்தன் வந்திருக்கான். எல்லாரும் பள்ளியில இருக்க நேரமா பாத்து வந்திருக்கான். எலே, நல்ல சேதி கையில இருக்கவன் ஆளில்லாத வீட்டுக்கு வருவானா?"

ராபின்சன் திரும்பிப் பார்த்தான். ஜெஸி கவரின் ஓரத்தைக் குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கவரின் ஓரத்தில் இன்னொரு வேடிக்கை இருந்தது. வள்ளத்தின் விளிம்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி கொசுவம் வைத்து, அந்தக் கொசுவத்தை ஏதோ கறுப்புப் பசையால் ஒட்டியிருந்தார்கள். சத்யபாமா விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்து, துடைக்க வேறு இடம் கிடைக்காத மாதிரி ராபின்சனின் காக்கிச் சட்டையில் துடைத்தார்.

ராபின்சன் அலறவில்லை. அவன் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் முடிந்து வெள்ளறடையில் மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, பட்டுக்கரை வேட்டியோடு ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்தான். அன்று ஒட்டின கறை இன்றுவரை போகவில்லை. மழையிலும் பால் வெட்ட வேண்டும் என்பதற்காக மரத்தின் இடுப்பைச் சுற்றிப் பாலித்தீனைக் கொசுவம் வைத்துக் கட்டி, மேலே இந்தத் தார்ப்பசையைப் பூசுவார்கள். வெட்டு நனையாது. வள்ளத்துக்குக் கொசுவம் எதற்கு? எதற்கும் இல்லை. கை பழகிப்போனவன் வேறு மாதிரி தைக்கத் தெரியாமல் தைத்திருக்கிறான். அதை ராபின்சன் சொன்னதும், தன் வேட்டி ஒரு வழக்கைத் திறந்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷம் கவலை வந்துவிட்டது.

"வெள்ளறடையில வீட்டுக்கு ஒருத்தன் ரப்பர் வெட்டுகவனாக்கும். எல்லா மரமும் பாவாடை உடுத்தி நிக்கும். ஒவ்வொரு மரமா போய்க் கேக்கவா அக்கா?"

"பாவாடை உடுத்த மரத்துட்ட நமக்கு என்னலே கேள்வி? உடுக்காத மரத்துட்டக் கேப்போம்."

* * *

மறுநாள் காலையில் குன்னத்துகால் வழியாக வெள்ளறடை ஏறினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அசெம்பிளிக்கு நிற்பதுபோல, எல்லாம் இடுப்பில் பாலித்தீன் பாவாடையோடு நின்றன. ராபின்சன் ஒவ்வொரு தோட்டத்தையும் தாண்டும்போது, இந்த வீட்டுப் பிள்ளைகள் ஒழுக்கமானவை, இதுவும் நல்ல குடும்பம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். சத்யபாமா ஒரு தடவை சிரித்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மலைப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் ராபின்சன் பிரேக்கைப் போட்டான். கீழே ஒரு தோட்டம். அதன் மேல்வரிசை மரங்கள் பாவாடை கட்டி நின்றன. கீழ்வரிசைகள் முழுக்க வெறுமரம். மழையில் நனைந்து, வெட்டுக்காயமும் தெரிய நின்றன. அந்த வரிசைகளுக்கு வாங்கிய பாலித்தீன்தான் செங்கலில் வள்ளத்தின் மேல் கிடக்கிறது என்பதில் இரண்டு பேருக்குமே சந்தேகம் இல்லை.

வளைவில் டீக்கடை வைத்திருந்த ஓமனாவிடம் விசாரித்தபோது, தோட்டத்துக்காரர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார், ஒரு காவல்காரன்தான் பால் வெட்டையும் பார்த்துக்கொண்டு தங்கியிருக்கிறான் என்றாள். ஆனால் அவன் ஜங்ஷன் பக்கமே தலைகாட்ட மாட்டானாம். பஸ் சத்தம் கேட்டால் மரத்துக்குப் பின்னால் போய்விடுவானாம். ஆள் கள்ளனோ என்னவோ என்று அவளே ஒரு முடிவுக்கும் வந்திருந்தாள்.

ரப்பர் ஷீட்டு உணக்கும் கொட்டகையின் வாசலில் அவன் உட்கார்ந்திருந்தான். ஆட்டோ சத்தம் கேட்டும் ஓடவில்லை. வருவார்கள் என்று எதிர்பார்த்து ஓய்ந்துபோனவன் மாதிரி எழுந்து நின்றான். ராபின்சன் அவன் முகத்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூட மறந்தான்.

அவனுக்கு அந்த முகம் தெரியும். குன்னத்துகாலில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். விஜயதாஸ். ஊரே அறிய, மழைக்கு முன்னால் கல்ஃபுக்கு விமானம் ஏறியவன்.

"எலே விஜயதாஸா, நீ கல்ஃபுக்குப் போகல்லியா?"

"போயாச்சு," என்றான் விஜயதாஸ். "பேப்பருல போயாச்சு."

பிறகு அவனே எல்லாவற்றையும் சொன்னான். யாரும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை. கல்ஃபில் சானுவும் அவனும் ஒரே அறையில் கிடந்தவர்கள். விஜயதாஸுக்கு மறுபடி ஒரு விசா வந்தது, கட்டடத்தில் சாரம் கட்டுகிற வேலை, மூன்று வருஷம். அவனுக்கோ உயரம் என்றால் தலை சுற்றும், போகப் பயம். சானுவுக்குப் போக ஆசை, ஆனால் பொதுமன்னிப்பில் வந்தவன், சொந்தப் பெயரில் திரும்பிப் போக முடியாது. விஜயதாஸின் பாஸ்போர்ட்டில் படத்தை மாற்றி ஒட்டித் தர ஒரு ஏஜென்ட் கிடைத்தான். ஜெஸியிடம் சொல்லவில்லை. போலீஸ்காரன் கேட்டால் அவளுக்குப் பொய் வராது என்று சானுவுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்ததும் தோட்டத்து வீட்டு ஃபோனுக்குக் கூப்பிடுவான், அப்போது விஜயதாஸ் நேரில் போய் ஜெஸியிடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னொன்றும் கேட்டுக்கொண்டான். வள்ளத்தை அளந்து ஒரு சரடில் முடிச்சுப் போட்டுக் கொடுத்து, தார்ப்பாய் ஒரு மழைக்குத்தான் தாங்கும், மூன்று வருஷத்துக்குத் தாங்குகிற மாதிரி ஒரு கவர் தைத்து மாட்டிவிடு என்று சொன்னான்.

"ஃபோன் வந்ததா?" என்று கேட்டார் சத்யபாமா. பதில் தெரிந்துகொண்டே கேட்கிற குரல் அது என்று ராபின்சனுக்குப் புரிந்தது.

"அவன் அங்க எழுதிக் குடுத்த நம்பருக்கு முதல்ல வந்த ஃபோனே அதுதான் அக்கா. ஒருத்தன் மலையாளத்துல கேட்டான், இது விஜயதாஸுக்க வீடான்னு. ஆமான்னேன். விஜயதாஸ் சாரத்துல இருந்து விழுந்து மரிச்சுப்போயி, நீங்க அவனுக்க யாருன்னு கேட்டான்." அவன் விரலில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினான். "தம்பின்னு சொன்னேன். பாடிய அனுப்பணுமா, இங்கயே அடக்கட்டான்னு கேட்டான். அனுப்பச் சொன்னா, எனக்க பேரு ஒட்டின பெட்டியில சானு வருவான். போலீஸ் வரும். அங்கயே அடக்கச் சொல்லிட்டேன்."

பாவாடை இல்லாத மரங்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நல்லா இருக்கேன்னு சொல்லத்தான் எனக்க கையில சேதி தந்துவிட்டான். செத்துட்டான்னு நான் எப்படிப் போய்ச் சொல்ல? அவன் கேட்டதுல கவரு ஒண்ணுதான் எனக்குச் செய்ய முடிஞ்சது. அதைச் செஞ்சேன்."

சத்யபாமா எழுந்தார். உண்மையைக் கண்டுபிடித்த கையோடு எதிராளியை மடக்கி இரண்டு வார்த்தை சொல்வது அவர் வழக்கம். அன்று அப்படி ஒன்றும் வரவில்லை. நீயும் வா, நீதான் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார். விஜயதாஸ் மறுக்கவில்லை. குன்னத்துகாலைத் தாண்டும்போது மட்டும், தன் வீட்டுப் பக்கம் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று துவர்த்துத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துகொண்டான். ராபின்சன் செங்கல் வரை வாயே திறக்கவில்லை. அவன் ஆட்டோ வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை.

* * *

அவர்கள் போய் இறங்கியபோது ஜெஸியின் கையில் எண்ணெய்த் துணி இருந்தது. எலியாவிடம் சண்டை போட்டு எஞ்ஜினை வாங்கி, துடைத்து, வள்ளத்தில் மாட்டவைத்து, மேலே கவரையும் இழுத்துவிட்டிருந்தாள். பின்பக்கத்துப் பை இப்போது நிறைந்து நின்றது.

"பாருங்கக்கா, பை எவ்வளவு செரியா இருக்குன்னு," என்றாள். பிறகுதான் ஆட்டோவிலிருந்து இறங்கிய மூன்றாவது ஆளைப் பார்த்தாள். அவன் விரலிடுக்கில் இருந்த கறுப்புப் பசையைப் பார்த்தாள்.

விஜயதாஸ் சொன்னான். ஃபோனில் தான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. ராபின்சன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கத்துவாள், அடிப்பாள், மண்ணில் விழுவாள் என்று அவன் பயந்தான். ஏதாவது ஒன்று நடந்தால் பிடித்துக்கொள்ளலாம், தண்ணீர் கொண்டுவரலாம், ஏதாவது செய்யலாம். அவள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

"எந்தப் பேருல அடக்கினாவ?" என்று கேட்டாள் கடைசியில்.

"எனக்க பேருல."

"யாராவது ஜெபம் பண்ணினாவளா?"

விஜயதாஸ் சத்யபாமாவைப் பார்த்தான். சத்யபாமா ராபின்சனைப் பார்த்தார்.

சத்யபாமாதான் பிறகு பேசினார், கோர்ட்டில் கட்சிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லிப் பழகிய தணிந்த குரலில். உண்மையை எழுதிக் கொடுத்தால் விஜயதாஸ் உள்ளே போவான். சானு வெளியே வரமாட்டான். எந்த ஆபீஸ் கதவைத் தட்டினாலும், செத்துப்போனது விஜயதாஸ்தான் என்று கல்ஃபிலிருந்து காகிதம் வரும். எழுதாவிட்டால், சானுவை ஆறு கொண்டுபோனதாக இருக்கும். ஜெஸி எப்படிச் சொல்கிறாளோ அப்படிச் செய்யலாம் என்றார்.

ஜெஸி விஜயதாஸை ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் தலைகுனிந்து நின்றான்.

"உனக்க அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளுக்கு நான் கல்ஃபுலயாக்கும்."

"அவளையாவது போய்ப் பாரு," என்றாள் ஜெஸி. பிறகு சத்யபாமாவிடம் திரும்பினாள். "ஆறு கொண்டு போச்சுன்னே இருக்கட்டும் அக்கா. எல்லாரும் அப்படித்தானே சொல்லுதாவ. நான் ஒருத்திதான் இல்லைன்னு சொல்லிட்டுக் கிடந்தேன்."

மழை வலுத்தது. கவரின் மேல் விழுந்த தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமல் கொசுவத்தின் வழியே வழிந்து மண்ணில் விழுந்தது. விஜயதாஸ் நன்றாகத்தான் தைத்திருந்தான். ஒரு முனையில் கயிறு நெகிழ்ந்திருப்பதைக் கண்டு, கேட்காமலே போய் அதை இறுக்கிக் கட்டினான். யாரும் தடுக்கவில்லை.

ஜெஸி கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடித்து வைத்தாள். மூலையில் பிரிக்காமல் கிடந்த நீலச் சுருளைப் பார்த்தாள்.

"ராபின்சன் அண்ணா, அந்தத் தார்ப்பாயைத் திருப்பிக் குடுக்க வேண்டாம். அச்சனிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஞாயிற்றுக்கிழமை அதை முற்றத்துல கெட்டித் தரணும். ஜெபத்துக்கு ஆளு வரும், மழை பெய்தா எங்க இருப்பாவ?"

ராபின்சன் சரி என்று தலையாட்டினான். எந்தெந்த மரத்தில் கயிறு போடலாம் என்று நிமிர்ந்து பார்த்தான். தார்ப்பாய் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று போன வாரம் இதே முற்றத்தில் நின்று அடுக்கியவன் அவன்தான்.